சாம்பல் கலந்த சிமென்ட்: அறிகுறியைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழி

காலை ஆறரை மணிக்குத் தொலைபேசி அடித்தால், எங்கோ ஒரு தளம் இறுகவில்லை என்று எனக்குத் தெரிந்துவிடும். ஒரு டிசம்பர் மாதம் பெரும்பாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் அழைத்தார். முந்தைய நாள் மாலை ஐந்து மணிக்குத் தளம் போட்டு முடித்திருக்கிறார்கள். விடிந்ததும் மாடி ஏறிப் பார்த்தால் கட்டைவிரல் பதிகிறது. "சிமென்ட்டில் சாம்பலைக் கலந்து ஏமாற்றிவிட்டார்கள் சார். எல்லாவற்றையும் உடைக்கச் சொல்லிவிடவா?" என்று கேட்டார். குரல் நடுங்கியது. "உடைக்க வேண்டாம் அம்மா. ஈரச் சாக்கைப் போட்டு மூடச் சொல்லுங்கள், நான் வருகிறேன்" என்றேன். பிற்பகல் மூன்று மணிக்கு அதே தளத்தில் ஆணியால் கீறிப் பார்த்தோம். வெள்ளைக் கோடு மட்டும் விழுந்தது, குழி விழவில்லை.

சாம்பல் கலந்திருந்தது உண்மைதான். எத்தனை விழுக்காடு என்று மூட்டையிலேயே அச்சிட்டிருந்தது. கலப்பு வேறு, கலப்படம் வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நல்ல தளத்தை உடைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன், கெட்ட தளத்தைப் பூசி மறைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் கட்டுமான இடத்தில் கண்ணுக்குத் தெரியும் அறிகுறிகளை வைத்து, அவை எங்கிருந்து வருகின்றன என்று இங்கே எழுதுகிறேன். எந்த அறிகுறியானாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: தண்ணீர் பட்டு எத்தனை மணி நேரம், எத்தனை நாள் ஆயிற்று? மூட்டையின் பெயரைப் பிறகு கேட்கலாம்.

உள்ளே நடப்பது: இரண்டு பந்தி

சிமென்ட்டின் உயிர் கிளிங்கர், அதாவது சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சூளையில் சுட்டெடுக்கும் கட்டி. அதில் பாதிக்கு மேல் ட்ரைகால்சியம் சிலிகேட். தண்ணீர் பட்டதும் அது இரண்டு பொருள்களாக மாறுகிறது. ஒன்று, மணலையும் ஜல்லியையும் பிணைக்கும் கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட் என்ற பசை. மற்றொன்று கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது வெற்றிலைக்குத் தடவும் அதே நீற்றுச் சுண்ணாம்பு. வலுவெல்லாம் பசையில்தான். சுண்ணாம்பு இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும், தண்ணீர் ஊறினால் கரைந்து வெளியேறும். ஆனால் கான்கிரீட்டுக்குக் காரத்தன்மையைக் கொடுத்துக் கம்பியைக் காப்பாற்றுவதும் அதுதான்.

அனல்மின் நிலையச் சாம்பல் என்பது பெரும்பாலும் சிலிக்காவும் அலுமினாவும் சேர்ந்த நுண்ணிய கண்ணாடி உருண்டைகள். அத்திப்பட்டிலும் வல்லூரிலும் நிலக்கரி எரிந்து மிஞ்சுவது இந்த வகை. இதன் மேல் வெறும் தண்ணீரை ஊற்றினால் ஒன்றும் நடக்காது. கிளிங்கர் சுண்ணாம்பைச் சுரந்து, துளைகளில் உள்ள நீர் நன்றாகக் காரமேறிய பிறகுதான் அந்தக் கண்ணாடி கரையத் தொடங்கும். கரைந்ததும் சுண்ணாம்பைத் தின்று அதையும் பசையாக மாற்றும்.

கல்யாண வீட்டுப் பந்தியைப் போல இதை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் பந்தியில் உட்காருவது கிளிங்கர். அது எழுந்த பிறகு, அது விட்டுவைத்த சுண்ணாம்பைக் கொண்டு இரண்டாம் பந்தியில் உட்காருவது சாம்பல். சாம்பலின் பந்தி சுறுசுறுப்பாவதற்கு ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகும். பிறகு மாதக்கணக்கில் நீளும். மூன்றாம் நாளே தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டால் இரண்டாம் பந்திக்கு இலை போட்டும் சோறு வராது.

கிளிங்கரோடு கலக்கும் இத்தகைய தூள்களைக் கனிமச் சேர்க்கைகள் என்பார்கள். எல்லாச் சேர்க்கைகளும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. இரும்பு உருக்கும் ஊதுலையிலிருந்து வரும் கசடுத் தூளில் சுண்ணாம்புச் சத்து ஏற்கெனவே இருக்கிறது. காரத்தின் தூண்டுதல் மட்டும் கிடைத்தால் அது தானே இறுகும். சிலிக்கன் உருக்கும் உலைப் புகையிலிருந்து பிடிக்கும் தூளான சிலிக்கா ஃபியூம், சிமென்ட் துகளைவிட ஏறத்தாழ நூறு மடங்கு நுண்ணியது. சில நாள்களிலேயே வேலையைத் தொடங்கிவிடும். சுண்ணாம்புக்கல் தூள் பெரும்பாலும் வினைபுரிவதில்லை. ஆனால் பசை வந்து படிய நிறைய இடம் கொடுப்பதால் முதல் நாள் வினை விரைவாகிறது. கூடவே கிளிங்கரிலுள்ள அலுமினேட்டுடன் சிறிதளவு சேர்ந்து கார்போஅலுமினேட் உருவாகிறது. சுட்ட களிமண்ணையும் சுண்ணாம்புக்கல்லையும் சேர்த்துக் கிளிங்கரைப் பாதியாகக் குறைக்கும் எல்.சி.3 சிமென்ட் இந்த வினையை நம்பித்தான் நிற்கிறது. அந்த ஆய்வில் நம் கிண்டியிலுள்ள ஐ.ஐ.டி.க்கும் பங்கு உண்டு.

இதெல்லாம் சென்னைக்குப் புதிதும் அல்ல. பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளைக் கட்டிய கொத்தனார்கள் சுட்ட செங்கல் தூளைச் சுர்க்கி என்று சொல்லிச் சுண்ணாம்போடு அரைத்தார்கள். செங்கல் தூளும் சுண்ணாம்பைத் தின்று பசையாகும் பொருள்தான்.

அறிகுறி: மறுநாள் காலையிலும் விரல் பதிகிறது

ஆய்வகத்தில் சிமென்ட் பசை முழுமையாக இறுக ஐ.எஸ். எனப்படும் இந்தியத் தரநிலை அனுமதிக்கும் உச்ச நேரம் 600 நிமிடம். ஓ.பி.சி. என்ற சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்டுக்கும், பி.பி.சி. என்ற சாம்பல் கலந்த சிமென்ட்டுக்கும் அதே எல்லைதான். ஆனால் அது 27 டிகிரியில், வேதி மருந்து எதுவும் சேர்க்காத பசைக்கு. உங்கள் தளத்தில் சாம்பல் இருக்கிறது, மார்கழிக் குளிர் இருக்கிறது, ரெடிமிக்ஸ் என்றால் இறுகலைத் தள்ளிப்போடும் மருந்தும் இருக்கிறது. பழைய மாமல்லபுரம் சாலை நெரிசலில் லாரி இரண்டு மணி நேரம் நிற்கும் என்று கணக்கிட்டு ஆலையில் மருந்தைக் கூட்டியிருப்பார்கள். அன்று பார்த்துச் சாலை காலியாக இருந்திருக்கும்.

முதலில் ரெடிமிக்ஸ் லாரியோடு வந்த சலானைக் கையில் எடுங்கள். ஒரு கன மீட்டருக்குச் சிமென்ட் எத்தனை கிலோ, சாம்பல் அல்லது கசடுத் தூள் எத்தனை கிலோ, மருந்து எத்தனை என்று அதில் இருக்க வேண்டும். கசடுத் தூள் பாதிக்குப் பாதி இருந்தால் மெதுவாக இறுகுவது இயல்பு. மருந்தின் அளவு வழக்கத்தைவிடக் கூடியிருந்தால் தாமதத்துக்குக் காரணம் அதுதான். இரண்டிலுமே கான்கிரீட் கெட்டுப்போய்விடவில்லை. அது இறுகும்வரை காய விடாமல் பார்த்துக்கொண்டால் போதும். பிளாஸ்டிக் விரிப்போ ஈரச் சாக்கோ போட்டு மூடுங்கள். மேலே யாரும் நடக்க வேண்டாம், செங்கல் அடுக்க வேண்டாம். சீக்கிரம் இறுகட்டும் என்று உலர் சிமென்ட்டைத் தூவித் தேய்ப்பதை மட்டும் தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். அந்த மேல்தோல் பின்னால் ஏடு ஏடாக உரிந்து வரும்.

அடுத்த நாளும் இறுகவில்லை என்றால் கதை வேறு. சர்க்கரையைச் சந்தேகப்படுங்கள். சிமென்ட் எடையில் 0.05 விழுக்காடு சர்க்கரை சேர்ந்தாலே இறுகல் சில மணி நேரம் தள்ளிப்போகும். அதாவது 50 கிலோ மூட்டைக்கு 25 கிராம். 0.2 விழுக்காட்டைத் தாண்டினால் ஏறத்தாழ இறுகவே இறுகாது. வெல்ல மூட்டை ஏற்றிய லாரியில் சிமென்ட் வந்திருக்கிறதா, தண்ணீர் பிடித்த பேரல் எதற்குப் பயன்பட்டது என்று விசாரியுங்கள். அந்தக் காலத்துத் தளத்தில் கடுக்காயும் வெல்லமும் போட்டார்களே என்று கலவையில் வெல்லத் தண்ணீர் ஊற்றிய ஒருவரை நேரில் பார்த்திருக்கிறேன். நல்லெண்ணத்தில்தான் செய்தார். அது சுண்ணாம்புச் சாந்துக்கான வைத்தியம். சிமென்ட்டுக்கு அதுவே நஞ்சு.

தண்ணீரிலும் ஒரு சோதனை உண்டு. டேங்கர் தண்ணீரில் ஒரு சிமென்ட் பசையும் காய்ச்சி வடித்த நீரில் ஒரு சிமென்ட் பசையும் கலந்து இறுகத் தொடங்கும் நேரத்தை ஒப்பிட வேண்டும். வித்தியாசம் 30 நிமிடத்துக்கு மேல் போனால் அந்தத் தண்ணீர் ஆகாது என்கிறது கான்கிரீட்டுக்கான தரநிலை ஐ.எஸ். 456.

அறிகுறி: கலக்கும்போதே கட்டியாகிறது

கலவை இயந்திரத்தின் வயிற்றிலேயே கலவை விறைத்துப்போகிறது. இங்கே கையால் தொட்டுப் பார்ப்பதுதான் முதல் சோதனை. விறைத்த கலவை சூடாக இல்லை, தண்ணீர் சேர்க்காமல் மறுபடி சுற்றவிட்டால் இளகுகிறது என்றால் அது பொய்யான இறுகல். ஆலையில் அரைக்கும்போது வெப்பம் ஏறி, இறுகலைக் கட்டுப்படுத்தச் சேர்க்கும் ஜிப்சம் தன் நீரில் ஒரு பகுதியை இழந்திருக்கும். தண்ணீர் பட்டதும் அது மீண்டும் ஜிப்சமாகி விறைக்கிறது. சுற்றவிட்டுப் பயன்படுத்தலாம்.

சூடு பிடிக்கிறது, சுற்றவிட்டாலும் இளகவில்லை என்றால் உண்மையான திடீர் இறுகல். கிளிங்கரில் மிக வேகமாக வினைபுரியும் ட்ரைகால்சியம் அலுமினேட்டைக் கட்டிப்போட ஜிப்சம் போதவில்லை என்று பொருள். கனிமச் சேர்க்கைகள் இங்கேதான் சத்தமில்லாமல் நுழைகின்றன. சுட்ட களிமண்ணிலும் சுண்ணாம்புச் சத்து மிகுந்த சாம்பலிலும் வினைபுரியும் அலுமினா அதிகம். கிளிங்கருக்கு மட்டும் கணக்கிட்ட ஜிப்சம் அவற்றுக்குப் போதாது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் சாம்பல் சுண்ணாம்புச் சத்து மிகுந்தது. அதை எண்ணூர்ப் பக்கத்துச் சாம்பலைப் போல நினைத்து அதே அளவில் கலந்தால் நடத்தை மாறும். சாம்பலின் ஊர் மாறினால் சோதனைக் கலவையை மறுபடி போட்டுப் பாருங்கள்.

விறைப்பு அரை மணி நேரத்துக்குள் மெல்ல மெல்ல வருகிறது, சூடும் இல்லை என்றால் இளக்கும் மருந்து எங்கோ தொலைகிறது. சாம்பலில் எரியாமல் மிஞ்சிய கரி பஞ்சுபோல மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். சிலிக்கா ஃபியூமின் பரப்பு மிகப் பெரியது என்பதால் அதுவும் மருந்தைக் கேட்கும். தீர்வு மருந்தின் அளவைத் திருத்துவது. குழாயை நீட்டித் தண்ணீர் ஊற்றுவது தீர்வே அல்ல.

அறிகுறி: 7-ஆம் நாள் கியூப் சோதனையில் வலு குறைவு

தளத்துக்குப் போட்ட அதே கான்கிரீட்டைக் கனசதுர அச்சில் வார்த்து, பிறகு நசுக்கி வலுவை அளப்பதுதான் கியூப் சோதனை. சண்டைகளில் முக்கால்வாசி இங்கேதான் தொடங்குகிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தரநிலையே இதை எதிர்பார்க்கிறது. ஓ.பி.சி. 53 சிமென்ட் 7-ஆம் நாள் குறைந்தது 37 மெகாபாஸ்கல் காட்ட வேண்டும், 28-ஆம் நாள் 53. பி.பி.சி.க்கு 7-ஆம் நாள் 22, 28-ஆம் நாள் 33 என்றுதான் ஐ.எஸ். 1489 கேட்கிறது. மேற்படி நிபந்தனையில் தேறிய பி.பி.சி. சிமென்ட் 28-ஆம் நாள் 33-ஐத் தாண்டி வெகுதூரம் போவதும் வழக்கம். ஆனால் முதல் வாரத்தில் அது பின்தங்கித்தான் இருக்கும். காரணம் மேலே சொன்ன பந்திதான். 30 விழுக்காடு சாம்பல் என்றால் முதல் பந்தியில் உட்காரக் கிளிங்கர் அந்த அளவுக்குக் குறைவு. ஓ.பி.சி.யின் பழக்கத்தில் ஏழாம் நாள் மூன்றில் இரண்டு பங்கு வந்தாக வேண்டும் என்று சாம்பல் கான்கிரீட்டின் மேல் பாய்வது நியாயமில்லை. கான்கிரீட்டை ஏற்பதா மறுப்பதா என்பதை 28-ஆம் நாள் முடிவுதான் சொல்ல வேண்டும்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருக்கவும் கூடாது. மூன்று காரியங்களை அன்றே பாருங்கள்.

கியூப் எங்கே கிடந்தது? வேளச்சேரியில் ஒரு கட்டடத்தில், அச்சிலிருந்து எடுத்த கியூபுகள் காவலாளியின் கொட்டகை நிழலில் நான்கு நாள் வெறுமனே கிடந்தன. தொட்டியில் தண்ணீர் இல்லை, யாரும் நிரப்பவில்லை. உடைத்துப் பார்த்தபோது ஓரங்கள் வெளுத்தும் நடுப்பகுதி கருத்தும் இரண்டு நிறமாக இருந்தது. வெளி ஓட்டில் ஈரம் தீர்ந்து வினை நின்றுவிட்டது, உள்ளே மட்டும் நடந்துகொண்டிருந்தது. 27 டிகிரித் தண்ணீரில் மூழ்கிக் கிடக்காத கியூபின் எண்ணை வைத்துச் சிமென்ட்டின் மேல் தீர்ப்பு எழுத முடியாது.

சாம்பல் இரண்டு முறை சேர்ந்ததா? இதுதான் நான் அதிகம் பார்க்கும் உண்மையான பிழை. பி.பி.சி. மூட்டையில் 15 முதல் 35 விழுக்காடு வரை சாம்பல் ஏற்கெனவே இருக்கிறது. அது தெரியாமல் "சாம்பல் போட்டால் கலவை வழுவழுப்பாக வருகிறது சார்" என்று மேஸ்திரி மேலும் பத்து கிலோ போடுகிறார். 30 விழுக்காடு உள்ள 50 கிலோ மூட்டையில் சாம்பல் 15 கிலோ. பத்து சேர்த்தால் 60 கிலோவில் 25 கிலோ, ஏறத்தாழ 42 விழுக்காடு. அத்தனை சாம்பலுக்கும் தீனிபோடச் சுண்ணாம்பு போதாது. மிஞ்சும் சாம்பல் வெறும் மணலாகத்தான் கிடக்கும். கட்டுமான இடத்தில் சாம்பல் கலக்க விரும்பினால் ஓ.பி.சி. வாங்குங்கள். பி.பி.சி. வாங்கினால் சாம்பல் மூட்டையை உள்ளே விடாதீர்கள். கல் உடைக்கும் கிரஷரின் தூளைச் சாம்பல் என்று சொல்லிக் கலப்பது அப்பட்டமான கலப்படம். அந்தத் தூள் எத்தனை நாளானாலும் சுண்ணாம்போடு சேராது.

தண்ணீர் எவ்வளவு? சாம்பலின் உருண்டை வடிவம் கலவையை வழுக்கிப் போகச் செய்யும். அதனால் தண்ணீரைக் குறைக்க வேண்டும். குறைக்காமல் பழைய அளவே ஊற்றினால் சாம்பலால் கிடைத்த லாபம் போய்விடும். சட்டிக் கணக்கில் அளப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சாம்பல் சிமென்ட்டைவிட இலேசானது. சிமென்ட்டின் ஒப்படர்த்தி 3.15, சாம்பலுடையது ஏறத்தாழ 2.2. ஒரு சட்டி ஓ.பி.சி.யும் ஒரு சட்டி பி.பி.சி.யும் ஒரே எடை அல்ல. மூட்டைக் கணக்கில் அளந்தால் இந்தத் தவறு வராது.

இந்த மூன்றும் சரியாக இருந்தும் 28-ஆம் நாள் தேறவில்லை என்றால் கோர் எடுக்கலாம், அதாவது கான்கிரீட்டைத் துளைத்து உருளைத் துண்டாக எடுத்து நசுக்கிப் பார்க்கலாம். குறைந்தது மூன்று கோர். சராசரி, வேண்டிய வலுவில் 85 விழுக்காடு இருக்க வேண்டும். எந்த ஒன்றும் 75-க்குக் கீழே போகக் கூடாது. சாம்பலும் கசடும் கலந்த கான்கிரீட்டானால் கோர் எடுப்பதை 56-ஆம் நாள் வரை தள்ளிவைக்க முடியுமா என்று கட்டமைப்புப் பொறியாளரிடம் கேளுங்கள். இரண்டாம் பந்தி அதற்குள் பாதியாவது முடிந்திருக்கும்.

அதுவரை செண்ட்ரிங் முட்டுகளில் கை வைக்காதீர்கள். 4.5 மீட்டர் வரையுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள் என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்களே, அது ஓ.பி.சி.க்குச் சொன்னது. மற்ற சிமென்ட்டுக்கு அந்த நாள்களை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஐ.எஸ். 456-இன் அதே பிரிவிலேயே இருக்கிறது. அந்த வரியை யாரும் படிப்பதில்லை. முட்டுக்கு ஒரு நாள் வாடகையை மிச்சப்படுத்தப்போய்த் தளம் தொய்ந்த வீடுகளைப் பார்த்து எனக்கு மனம் கனத்துப்போயிருக்கிறது.

அறிகுறி: போட்ட அன்றே விரிசல்

கத்திரி வெயிலில், கடற்காற்று பிற்பகலில் எழும்பும் நேரத்தில், தளத்தின் மேல் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ இணையாகச் சில சாய்ந்த கோடுகள் தோன்றும். வலுவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கான்கிரீட் கீழிருந்து கசியவிடும் தண்ணீரைவிட மேலே ஆவியாகும் தண்ணீர் கூடிப்போயிற்று. சிலிக்கா ஃபியூம் போட்ட கலவையில் கசிவு கிட்டத்தட்ட இல்லை. அதனால் அது மிக விரைவில் வெடிக்கும். சாம்பல் கலவையிலும் கசிவு குறைவு. இறுகத் தாமதமாவதால் ஆபத்தான நேரமும் நீளுகிறது.

இன்னும் இளகலாக இருக்கும்போதே கண்டுவிட்டால் மரக்கட்டையால் அழுத்தித் தேய்த்து மூடிவிடலாம். உடனே பிளாஸ்டிக் விரிப்பால் மூடுங்கள். அடுத்த தளத்தைப் பிற்பகல் நான்கு மணிக்கு மேல் போடுங்கள்.

அறிகுறி: தேய்த்தால் மாவாக உதிர்கிறது

உள்ளங்கையால் தளத்தைத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளை மாவு ஒட்டுகிறதா? சாவியால் கீறினால் கோடு ஆழமாக விழுகிறதா? கீறல் ஓரிரு மில்லிமீட்டரில் நின்று, கீழே கெட்டியாக இருந்தால் மேல்தோல் மட்டும் பட்டினி கிடந்திருக்கிறது. நடுப்பகுதியில் ஈரம் தங்கும். முதலில் காய்வது மேல்தோல். இரண்டாம் பந்தி நடக்காத இடமும் அதுதான். கசிவு நீர் மேலே நிற்கும்போதே கரணையால் தேய்த்திருந்தாலும் இதே நிலை வரும்.

நீராற்றும் (கியூரிங்) நாள் கணக்கை, அதாவது கான்கிரீட்டை ஈரமாக வைத்திருக்க வேண்டிய நாள்களை, எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஓ.பி.சி.க்குக் குறைந்தது 7 நாள், சாம்பலோ கசடோ கலந்ததற்கு 10 நாள். வறண்ட வெப்பம் என்றால் முறையே 10, 14. சித்திரை வைகாசியில் நான் பி.பி.சி. தளத்துக்குப் பதினான்குக்குக் குறைத்து ஒப்புக்கொள்வதே இல்லை. தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதுபோல நல்ல வழி வேறு இல்லை. தூணுக்குச் சாக்கைச் சுற்றிக் காலையும் மாலையும் நனைத்தால் நடுப்பகல் முழுவதும் சாக்கு காய்ந்து கிடக்கும். சாக்கின் மேல் பிளாஸ்டிக்கையும் சுற்றினால் ஈரம் தங்கும். இங்கே தண்ணீர் விலை கொடுத்து வாங்குகிற பொருள், தெரியும். அதனால்தான் ஊற்றியதை ஆவியாக விடாதீர்கள் என்கிறேன்.

முதல் வாரத்துக்குள் கண்டுபிடித்தால் உடனே பாத்தி கட்டி நீரை நிறுத்துங்கள். நின்றுபோன வினை ஓரளவு மீண்டும் தொடங்கும். மாதம் கடந்துவிட்டால் தளர்ந்த தோலைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மேல்பூச்சு.

அறிகுறி: கனமான அடித்தளத்தில் மூன்றாம் நாள் விரிசல்

ஒரு மீட்டருக்கு மேல் கனமுள்ள ராஃப்ட் (கட்டடம் முழுவதையும் தாங்கும் அடித்தளப் பலகை), பைல் கேப் (நிலத்தூண்களின் தலைமேல் போடும் கட்டை) போன்றவற்றில் வரும் தொல்லை இது. இங்கே சேர்க்கை போடாததுதான் குற்றம். சிமென்ட் தண்ணீரோடு சேரும் நீரேற்றம் வெப்பத்தைக் கக்கும் வினை. ட்ரைகால்சியம் சிலிகேட் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 500 ஜூல், அலுமினேட் 860-க்கும் மேல். உள்ளே வெந்துகொண்டிருக்கும், வெளிப்பக்கம் மழையில் குளிர்ந்துவிடும். வித்தியாசம் 20 டிகிரியைத் தாண்டினால் விரிசலை எதிர்பார்க்கலாம். உள்வெப்பம் 70 டிகிரியைத் தாண்டினால் பல ஆண்டு கழித்து உப்பி வெடிக்கும் அபாயமும் உண்டு. கசடுத் தூளையோ சாம்பலையோ தாராளமாகச் சேர்த்து, ஐஸ் போட்டு, இரவில் ஊற்றுவதே வழி. சாம்பல் என்றாலே முகம் சுளிக்கும் உரிமையாளர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்த வெப்பமானிக் கணக்கைத்தான்.

அறிகுறி: வெள்ளையாகப் பூக்கிறது

எலுமிச்சைச் சாற்றை ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்தால் அது கால்சியம் கார்பனேட். கான்கிரீட்டின் சுண்ணாம்பு கரைந்து வெளியே வந்து காற்றோடு சேர்ந்திருக்கிறது. தண்ணீர் ஊடுருவும் வழியைத் தேடி அடையுங்கள். சாம்பல் நன்றாக வினைபுரிந்த கான்கிரீட்டில் சுண்ணாம்பு குறைவாக இருப்பதால் இது குறையும். நுரைக்காமல் தண்ணீரிலேயே கரைந்தால் உப்பு. செங்கல்லையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் சோதியுங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டில் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

அறிகுறி: நிறம் மாறியிருக்கிறது

உடைத்த கான்கிரீட்டின் உள்ளே நீலப்பச்சை தெரிந்தால் பயப்படாதீர்கள். கசடுத் தூள் கலந்ததன் அடையாளம் அது. காற்றுப் பட்டால் மறைந்துவிடும். மேற்பரப்பில் கரும்புள்ளிகள் மிதந்தால் சாம்பலில் கரி அதிகம். அழகைத்தான் கெடுக்கும், ஆனால் அடுத்த லோடுக்குச் சாம்பலில் மிஞ்சிய கரியைக் காட்டும் எரி இழப்புச் சான்றிதழைக் கேளுங்கள். சிமென்ட்டின் நிறத்தை மட்டும் பார்த்துத் தரம் சொல்பவரை நம்பாதீர்கள். மூட்டைக்குள் கை விட்டால் குளிர்ச்சியாக இருக்கிறதா என்று பார்ப்பதும் சாம்பலைப் பற்றி எதுவும் சொல்லாது. கட்டி கட்டியாக இருந்தால் ஈரம் ஏறியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் கிடந்த மூட்டையைச் சோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது.

அறிகுறி: சில ஆண்டுகளிலேயே கம்பி துருப்பிடித்து மூடுகான்கிரீட் பிளக்கிறது

மூடுகான்கிரீட் என்பது கம்பியை மூடியிருக்கும் வெளிப்புறக் கான்கிரீட். திருவான்மியூர், பெசன்ட் நகர், திருவொற்றியூர்ப் பக்கம் பால்கனி அடியில் இது பிளப்பதைப் பார்க்காதவர் இல்லை. சாம்பல் சுண்ணாம்பைத் தின்றுவிட்டதால்தான் கம்பி துருப்பிடித்தது என்று ஒரு பேச்சு உண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. சுண்ணாம்பு குறைந்தால் காற்றிலுள்ள கரியமில வாயு காரத்தன்மையை விரைவில் அழிக்கும், அதுவும் நீராற்றாத கான்கிரீட்டில். மறுபாதி: கடலோரத்தில் கம்பியைக் கொல்வது பெரும்பாலும் குளோரைடு. நன்றாக நீராற்றிய சாம்பல் அல்லது கசடுக் கான்கிரீட்டில் துளைகள் நுண்ணியவை, குளோரைடு உள்ளே நடப்பது மிகவும் மெதுவாகும், உள்ளே வந்ததில் ஒரு பகுதியை அலுமினா வினைப்பொருள்கள் பிடித்தும் வைக்கும். கடலோரத்துக்கு ஐ.எஸ். 456 கேட்பது குறைந்தது எம் 30 (28-ஆம் நாள் 30 மெகாபாஸ்கல் வலு), நீர் சிமென்ட் விகிதம் 0.45-க்கு மேற்படாமல், மூடுகான்கிரீட் 45 மில்லிமீட்டர். இருபது மில்லிமீட்டர் மூடலோடு கம்பி கட்டிவிட்டுச் சாம்பலைக் குறைசொல்ல முடியாது.

எது காரணம் என்று தெரிய, பிளந்த துண்டு ஒன்றைப் புதிதாக உடைத்து, தூசியை ஊதிவிட்டு, உடைந்த முகத்தில் ஃபீனால்ஃப்தலீன் கரைசலைத் தெளியுங்கள். சில விநாடிகளில் உட்பகுதி இளஞ்சிவப்பாகும், வெளி ஓரம் நிறமற்று நிற்கும். அந்த நிறமற்ற பட்டையை அளவுகோல் வைத்து அளந்து, கம்பி எந்த ஆழத்தில் இருந்தது என்பதோடு ஒப்பிடுங்கள். பட்டை கம்பியைத் தொட்டிருந்தால் காரம் போய்விட்டது. கம்பியைச் சுற்றி இளஞ்சிவப்பாகவே இருந்தும் துரு இருக்கிறது என்றால் குளோரைடுதான். கம்பியின் ஆழத்திலிருந்து துளையிட்டுத் தூள் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கன மீட்டருக்கு 0.6 கிலோ குளோரைடு என்ற எல்லையோடு ஒப்பிடுங்கள். அந்த அறிக்கை வருவதற்கு முன்னால் சாந்து பூசி மூட வேண்டாம்.